ஒரே சட்டையில எட்டு பேரு

டிக்கெட் ரெண்டு வாங்கி வெச்சாச்சு, கூட வர்றேன்னு சொன்ன ஃப்ரெண்டு அன்னிக்கு மத்தியானம் மெசேஜ் போடுறா, புள்ளைக்கு காச்சல், வர முடியாதுன்னு. ஒரு டிக்கெட் 40 வெள்ளி கிட்ட ஆச்சு, அந்த காசுக்கு சாதா படம் ரெண்டு பாத்துடலாம், வீணா விட மனசே வரல. வீட்டுல அப்பாதான் சும்மா உக்காந்துக்கிட்டு பழைய பாட்டு சேனல் பாத்துக்கிட்டு இருந்தாரு. "அப்பா, நாடகம் பாக்க வர்றீங்களா"ன்னு கேட்டேன். "எந்த கோயில்ல?"ன்னாரு.

கோயில்ல இல்லப்பா, மால்லன்னு சொல்லி காடில ஏத்திட்டு போனேன். கோலாலம்பூர் செந்தூல்லருந்து கெளம்பி ஜாம்ல மாட்டி, பார்க்கிங் தேடி, உள்ள போறதுக்குள்ள விளம்பரம் ஓடிக்கிட்டு இருந்திச்சு. 

என்ன பாக்க போனோம்னா, லண்டன்ல நடந்த ஒரு மேடை நாடகம், பேரு வான்யா. நேஷனல் தியேட்டர் லைவ்னு ஒன்னு இருக்கு, 2009லருந்து நடத்துறாங்க, அங்க மேடையில நடக்கறத பல கேமரா வெச்சு புடிச்சு உலகம் பூரா சினிமா தியேட்டர்ல காட்டுவாங்க. லண்டனுக்கு ஃப்ளைட் டிக்கெட் போட வக்கில்லாத நம்ம மாதிரி ஆளுங்களுக்கு அதான் ஒரே வழி. இந்த நாடகம் 2023ல லண்டன் டியூக் ஆஃப் யார்க்ஸ் தியேட்டர்ல நடந்தது. எழுதினது ரஷ்யாக்காரர் செக்காவ், நூறு வருசத்துக்கு மேல ஆன பழைய கதை, அத சைமன் ஸ்டீஃபன்ஸ் இப்ப உள்ள காலத்துக்கு மாத்தி எழுதியிருக்காரு. இயக்கம் சாம் யேட்ஸ். நடிகரு ஆண்ட்ரூ ஸ்காட். நடிகருங்க இல்ல, நடிகரு. மொத்தம் எட்டு பாத்திரம், எட்டையும் இந்த ஒரு ஆளே நடிக்கறாரு, ஏறத்தாழ ரெண்டு மணி நேரம், இடைவேளையே கெடையாது.

ஆள தெரியலன்னா, ஷெர்லாக் சீரியல்ல அந்த கிறுக்கு புடிச்ச வில்லனா வருவாரே, அவருதான். ஃபிளீபேக் பாத்தவங்களுக்கு அந்த பாதிரியார். ஆனா டிவிய வெச்சு இவர எடை போட்டா பாதிதான் தெரியும், ஏன்னா மனுசன் அடிப்படையில மேடைக்காரரு. 1976ல டப்ளின்ல பொறந்தவரு, டிரினிட்டி காலேஜ்ல நாடகம் படிக்க சேந்து ஆறே மாசத்துல விட்டுட்டு அங்க உள்ள ஆபி தியேட்டர்ல நடிக்க போயிட்டாரு. நம்ம வீட்டுல இப்படி செஞ்சிருந்தா என்ன நடந்திருக்கும்னு யோசிச்சு பாத்தேன், வேணாம் விடுங்க.

நான் இவர மொதல்ல மேடை ஆளா பாத்தது பிரசன்ட் லாஃப்டர்ல. 2019ல லண்டன் ஓல்ட் விக்ல நடந்தது, அதுவும் இதே மாதிரி சினிமா தியேட்டர் ஸ்கிரீன்ல வந்திச்சு. நோயல் கவர்ட் எழுதின காமெடி, தன்ன தானே ரசிச்சுக்கிட்டு திரியற ஒரு பெரிய நடிகரோட கதை. சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சிருச்சு, ஆனா நடுவுல ஒரு எடத்துல எல்லாரும் போனப்பறம் அவரு மட்டும் தனியா நிக்கறப்ப அந்த சிரிப்புக்குள்ள ஒரு பயம் தெரியும் பாருங்க, கிழடு தட்டிருச்சோ, நம்ம கூட உண்மையா ஒருத்தரும் இல்லையோங்கற மாதிரி. அந்த நடிப்புக்குத்தான் 2020ல அவருக்கு பெஸ்ட் ஆக்டர் ஒலிவியர் அவார்ட், லண்டன் மேடை நாடகத்துக்கு குடுக்கற பெரிய விருது, கெடச்சது. அதுக்கு ரொம்ப முன்னாடி, 2005லயே ராயல் கோர்ட் தியேட்டர்ல சின்ன ஹால்ல நடிச்சதுக்கு ஒரு ஒலிவியர் வாங்கிட்டாரு, அப்ப அவர யாருக்கும் தெரியாது.

அப்பறம் எம்சிஓ, அதான் கொரோனா ஊரடங்கு, வந்திச்சு. 2020 மார்ச் 18லருந்து எல்லாரும் வீட்டுக்குள்ள. அந்த வருசம் செப்டம்பர்ல ஓல்ட் விக்காரங்க ஒன்னு பண்ணாங்க, ஆளே இல்லாத காலி தியேட்டர்ல நடிகர் மட்டும் மேடையில நின்னு நடிப்பாரு, நாம டிக்கெட் வாங்கி ஜூம்ல லைவா பாக்கணும். திரீ கிங்ஸ்னு பேரு. அதுலயும் இவரு ஒரே ஆளு. பின்னாடி அத்தன காலி சீட்டு, இங்க நான் பெட்ரூம்ல ஹெட்போன் மாட்டிக்கிட்டு லாப்டாப் முன்னாடி. அப்பன்காரன் எப்பவோ சொல்லிட்டு போன ஒரு வார்த்தைய புடிச்சுக்கிட்டே வளந்த பையனோட கதை. முடிஞ்சப்ப கைதட்ட யாரும் இல்ல, ஸ்கிரீன் அப்படியே போயிருச்சு. நான் பாட்டுக்கு தனியா தட்டுனேன், பக்கத்து ரூம்லருந்து அம்மா என்னா கொசுவான்னு கேட்டாங்க.

சரி வான்யாவுக்கு வர்றேன்.

நம்ம ஊர் தமிழ்ப்பள்ளில படிச்சவங்களுக்கு கதை சொல்லும் போட்டி நல்லா ஞாபகம் இருக்கும். எனக்கு நாலாம் வகுப்புல டீச்சர் பயிற்சி குடுத்தது இன்னும் காதுல இருக்கு, காக்காவுக்கு ஒரு கொரலு, நரிக்கு ஒரு கொரலு, பாட்டி பேசறப்ப முதுக வளைக்கணும், ராஜா வந்தா நெஞ்ச நிமித்தணும். கை தட்டு வாங்கறதும் அதுக்குத்தான். அதே புத்திதான் பெரிசானப்பறமும், ஒரு நடிகரு பல்திறமைக்காரருன்னா பத்து வேசம் போடணும், ஒவ்வொன்னுக்கும் விக்கு, மீச, கொரலு, நடை எல்லாம் மாத்தணும். அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அதுக்கு நம்மகிட்ட பெரிய பரம்பரையே இருக்கே. டி.கே.சண்முகம் மேடையில அவ்வையார் வேசம் கட்டி அந்த பேரே அவருக்கு முன்னாடி ஒட்டிக்கிச்சு, அவ்வை சண்முகம்னு. ஆம்பள கெழவியா மாறி நிக்கறத பாத்து ஜனங்க கும்பிட்டிருக்காங்க. வேசம்னா அது.

இந்த ஆளு என்ன பண்றாரு தெரியுமா? ஒன்னும் மாத்தல. ஒரே சட்ட, ஒரே பேண்ட்டு. விக்கு கெடையாது, மேக்கப் கெடையாது. பொண்ணு பேசறப்ப கீச்சு கொரலு கெடையாது. ஐரிஷ்காரர் பேசற அதே பேச்சுதான் கிட்டத்தட்ட எல்லாருக்கும், ஒரு இழை ஏறும் ஒரு இழை எறங்கும், அவ்வளவுதான். நாடகம் ஆரம்பிக்கறப்ப சாதாரணமா நடந்து வந்து சுவிட்ச தட்டறாரு, நாம உக்காந்திருக்கற பக்கத்து லைட்டு அணையுது, மறுபடி தட்டறாரு எரியுது, அப்படியே நம்மள பாத்து ஒரு குறும்பு சிரிப்பு. அப்பறம் போயி டீ போடறாரு. இதுக்கா 40 வெள்ளின்னு அப்பா என்ன ஒரு பார்வ பாத்தாரு.

அப்பறம்தான் வெளயாட்டே. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சாமான் வெச்சிருக்காரு. டாக்டர் மைக்கேல்னா கையில டென்னிஸ் பந்து, தரையில தட்டிக்கிட்டே பேசுவாரு. இவான், அதான் வான்யா, கூலிங்கிளாஸ் போட்டுக்கிட்டு கோமாளித்தனம் பண்ணுவாரு. சோனியா வீட்டுக்கு ஒழச்சு ஒழச்சு தேஞ்ச பொண்ணு, கையில பாத்திரம் தொடைக்கற துண்டு. அழகி ஹெலெனா கழுத்து சங்கிலிய வெரல்ல சுத்திக்கிட்டே இருப்பா. அவ புருசன் அலெக்ஸாண்டருக்கு ஸ்கார்ஃப். வேலக்கார அம்மா மோரீனுக்கு சிகரெட்டு. மீதி ரெண்டு பேரு சின்ன பாத்திரம்.

ஆரம்பத்துல பத்து நிமிசம் எனக்கே தலைய சுத்துச்சு, யாரு யாருகிட்ட பேசறாங்கன்னு. கதைய முன்னாடியே படிச்சிருந்தும் இந்த நெலம. அப்பாவுக்கு இங்கிலீஸ் வரும், ரயில்வே வொர்க்ஷாப்புல முப்பது வருசத்துக்கு மேல வேல செஞ்சவரு, ஆனா இந்த ஐரிஷ் பேச்சு வெள்ளக்காரனுக்கே புரியாது, கீழ எழுத்தும் போடல. போச்சு, தூங்கிருவாருன்னு நெனச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு காதுகிட்ட வந்து மெதுவா சொல்றாரு, "பாப்பா, பந்து வந்தா டாக்டரு. துண்டு வந்தா அந்த புள்ள. அந்த புள்ளைக்கு டாக்டர் மேல ஒரு இது. அவனுக்கு தெரியல." எனக்கு தூக்கிவாரி போட்டுருச்சு. நாடகத்தோட உயிரே அதான், அத மனுசன் பேச்சு புரியாமயே புடிச்சிட்டாரு.

கதை தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி சொல்லிடறேன். ஒரு தோட்டம், அதுல வர்ற வருமானம் எல்லாம் பட்டணத்துல இருக்கற பெரிய மனுசனுக்கு போவுது. மூலத்துல அவரு புரொஃபசரு, இதுல சினிமா டைரக்டரா மாத்தியிருக்காங்க. செத்துப்போன மொத பொண்டாட்டியோட அண்ணன்தான் வான்யா, மொத தாரத்து பொண்ணு சோனியா, இவங்க ரெண்டு பேரும் மாடா ஒழச்சு காசு அனுப்பறாங்க. அந்த பெரிய மனுசன் சின்ன வயசு ரெண்டாம் தாரத்த கூட்டிக்கிட்டு வந்து உக்காந்துக்கறான், வான்யாவுக்கும் அவ மேல ஆச, டாக்டருக்கும் அவ மேல ஆச, சோனியாவுக்கு டாக்டர் மேல ஆச. கடைசில அந்த ஆளு தோட்டத்தையே வித்துருவோம்னு சொல்றான். வாழ்க்கை பூரா யாருக்காக ஒழச்சோமோ அவன் ஒன்னுமில்லாத ஆளுன்னு தெரிய வர்றப்ப அம்பது வயசு கிட்ட ஆயிருது, திரும்பி போக வழியில்ல.

தோட்டத்த விக்கறேன்னு சொன்ன எடத்துல அப்பா நிமிந்து உக்காந்தாரு. கித்தா காட்டு, அதான் ரப்பர் தோட்டத்து, லயத்துல பொறந்து வளந்தவருக்கு அது எப்படி கேட்டிருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. தோட்டத்த துண்டு போட்டு வித்து டெவலப்பர்கிட்ட குடுத்தப்ப வீட்ட காலி பண்ணி பட்டணத்துக்கு வந்த குடும்பங்க நம்மள்ல எத்தன. அந்த சீன்ல வான்யா கத்தறாரு பாருங்க, அதுவரைக்கும் கூலிங்கிளாஸ் மாட்டிக்கிட்டு ஜோக்கடிச்ச ஆளு, கண்ணாடிய கழட்டிட்டு கத்தறாரு, கத்தற அடுத்த நொடி அதே ஒடம்பு ஸ்கார்ஃபோட திரும்பி ஒன்னும் நடக்காத மாதிரி அலட்சியமா நிக்குது. அடிக்கறவனும் அடி வாங்கறவனும் ஒரே ஆளு. எனக்கு மயிர் கூச்செரிஞ்சிருச்சு.

இன்னொரு சீனு, இத பத்திதான் லண்டன் பத்திரிகைக்காரங்க எல்லாம் எழுதி தள்ளினாங்க, டாக்டரும் ஹெலெனாவும் தனியா இருக்கறப்ப கட்டிப்புடிக்கற எடம். ஒருத்தரே எப்படி கட்டிப்புடிப்பாரு? மேடையில தனியா ஒரு கதவு நிக்குது, அதுல சாஞ்சுக்கிட்டு, ஒரு கையி அவனோடது, ஒரு கையி அவளோடது. எழுதி படிச்சா சிரிப்பா இருக்கும், ஸ்கூல் பசங்க முதுக காட்டி பண்ற சேட்டை மாதிரி. தியேட்டர்ல ஒரு சத்தம் இல்ல. அப்பா பக்கத்துல உக்காந்திருக்கறப்ப பாக்கற சீன் இல்லன்னு நெனச்சு நான் பாப்கார்ன் பொட்டலத்துக்குள்ள தலைய விட்டுக்கிட்டேன், பாதி மிஸ் பண்ணிட்டேன்னு நெனைக்கறேன், இதுக்காகவே இன்னொரு தடவ தனியா போகணும்.

ஒரு பியானோ இருக்கு, ஆளு இல்லாம தானா வாசிக்கும். செத்துப்போன தங்கச்சி அது. அந்த பியானோகிட்ட போயி நிக்கறப்ப மட்டும் எட்டு பேர்ல யாருன்னே சொல்ல முடியாத மாதிரி ஒரு மூஞ்சி வெச்சிருந்தாரு. அது நடிகரா, வான்யாவா, அந்த பொண்ணா. எனக்கு தெரியல, இப்ப வரைக்கும்.

இப்ப கொறைய சொல்றேன், இல்லன்னா காசு வாங்கிட்டு எழுதறேன்னு சொல்வீங்க.

மொத கொற நாடகத்துலயே இருக்கு. செக்காவ் நாடகத்துல பேசறவங்கள விட கேக்கறவங்க மூஞ்சிதான் முக்கியம். டாக்டரு காட்ட பத்தி மரத்த பத்தி மணிக்கணக்கா அளக்கறப்ப சோனியா அவர பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணும், அந்த பார்வதான் சீனு. ஒரே ஆளு நடிச்சா டாக்டரு பேசறப்ப சோனியா காணாம போயிடறா. ஸ்காட் இதுக்கு ஒரு வழி வெச்சிருக்காரு, பேசி முடிச்ச ஒடனே ஒரு நொடி சும்மா நின்னு, அப்பறம் துண்ட எடுத்துக்கிட்டு, கேட்ட மூஞ்சிய லேட்டா காட்டறாரு. இடி இடிச்சு முடிச்சப்பறம் மின்னல் வர்ற மாதிரி. பெரும்பாலும் வேல செய்யுது, ஆனா நாலு பேரு ஒன்னா இருக்கற சீன்ல மூச்சு வாங்குது, நாடகத்த மறந்துட்டு இந்த மனுசன் எப்படி சமாளிக்கறாருன்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். சர்க்கஸ்ல கம்பி மேல நடக்கறவன பாக்கற மாதிரி. அது நல்லதா கெட்டதான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க, எனக்கு அந்த எடங்கள்ல கொஞ்சம் வெளிய வந்த மாதிரி இருந்திச்சு.

ரெண்டாவது கேமரா. மூஞ்சிகிட்ட க்ளோசப் போறப்ப கண்ணுல தண்ணி நிக்கறது வரைக்கும் தெரியுது, லண்டன்ல மாடி சீட்ல உக்காந்தவனுக்கு கூட அது கெடைக்காது, ஒத்துக்கறேன். ஆனா இந்த நாடகத்துல அவரு எந்த பக்கம் திரும்பி நிக்கறாரு, எந்த எடத்துலருந்து எந்த எடத்துக்கு போறாருங்கறது வெச்சுத்தான் ஆளு மாறறது புரியும். க்ளோசப்ல அந்த எடம் காணாம போயிருது. ரெண்டு மூனு தடவ அப்பா என்கிட்ட "இப்ப யாரு"ன்னு கேட்டாரு, மூனு தடவையும் கேமரா கிட்டக்க போயிருந்திச்சு.

மூனாவது நாங்க போன தியேட்டரு. பேரு வேணாம். ஏர்கோன் கேமரன் மலையில டிசம்பர் மாசம் மாதிரி. மொத கால் மணி நேரம் சவுண்டு கம்மி, யாரும் எழுந்திருக்கல, மலேசியாக்காரங்க பொறும இருக்கே, கடைசில நான்தான் வெளிய போயி டிக்கெட் கிழிக்கற தம்பிகிட்ட சொன்னேன், அவன் பாவம் வாக்கிடாக்கில யாருகிட்டயோ கேட்டான், நான் திரும்பி வர்றப்ப ஒரு முக்கியமான எடம் போயிருச்சு. முடிஞ்சு லண்டன்ல ஆடியன்ஸ் கைதட்டிக்கிட்டு இருக்கறப்பவே இங்க லைட்ட போட்டு தொடப்பத்தோட வந்துட்டாங்க. மூனு ரோ முன்னாடி ஒருத்தரு பாதி நேரம் போன்ல வாட்சாப்பு. அவருக்கு ஒன்னு சொல்லணும்னு தோணிச்சு. இதே ஸ்காட் 2017ல லண்டன்ல ஹேம்லட் நடிச்சாரு, அதுல ரொம்ப பேமஸான அந்த வசனம் வர்ற எடத்துல, இருக்கறதா இல்லாம போறதாங்கற எடத்துல, ஆடியன்ஸ்ல ஒருத்தரு லாப்டாப்ப தொறந்து ஈமெயில் அனுப்பிக்கிட்டு இருந்தாராம். இவரு நடிக்கறத நிறுத்திட்டு சும்மா நின்னுட்டாராம், அவரு மூடி வெக்கற வரைக்கும். இத அவரே பின்னாடி ஒரு பேட்டில சொன்னாரு. சினிமா ஸ்கிரீன்லருந்து நிறுத்த முடியாதே, அதான் கஷ்டம்.

அவார்டு கணக்கு வேணும்னா, இந்த வான்யாவுக்கு 2023ல ஈவ்னிங் ஸ்டாண்டர்ட் பெஸ்ட் ஆக்டர், அப்பறம் 2024ல லண்டன் கிரிட்டிக்ஸ் சர்க்கிள்காரங்க, அதான் விமர்சகருங்க சங்கம், மேடைக்கும், வேற ஒரு சினிமாவுல நடிச்சதுக்கும், ரெண்டுலயும் பெஸ்ட் ஆக்டரா இவருக்கே குடுத்தாங்க, ஒரே வருசத்துல ரெண்டையும் வாங்கின மொத ஆளு. ஒலிவியர்ல நாடகத்துக்கு பெஸ்ட் ரிவைவல் கெடச்சது, பெஸ்ட் ஆக்டர் மட்டும் மார்க் கேட்டிஸ்க்கு போயிருச்சு. வேடிக்க என்னன்னா அவரும் ஷெர்லாக் சீரியல்ல கூட நடிச்சவரு, அத எழுதினதுலயும் ஒருத்தரு. 2025ல நியூயார்க்குக்கு எடுத்துட்டு போனாங்க, 300 சீட்டு கூட இல்லாத ஒரு சின்ன தியேட்டருக்கு. பெரிய ஹால்ல போட்டு காசு அள்ளியிருக்கலாம், ஆனா இந்த மாதிரி நாடகத்துக்கு கிட்ட உக்காந்து பாக்கணும்.

அப்படி கிட்ட உக்காந்து பாக்கறதுன்னு சொன்னா எனக்கு நம்ம செந்தூல்தான் ஞாபகம் வரும். கேஎல்பேக்ங்கற நாடக அரங்கம் 2005ல இங்க தொறந்தப்ப அப்பா "நம்ம ரயில்வே கட்டடத்துல என்னமோ டான்ஸ் ஆடறாங்களாம்"னு சொன்னாரு, அவருக்கு அது இன்னும் ரயில்வே கட்டடம்தான். ஃபரிடா மெரிக்கனும் ஜோ ஹாஷமும் 1989ல ஆக்டர்ஸ் ஸ்டூடியோங்கற நாடகக் குழு ஆரம்பிச்சு, டத்தாரான் மெர்டேக்கா சதுக்கத்துக்கு கீழ தியேட்டர் கட்டி, அது 2003 வெள்ளத்துல மூழ்கி, அப்பறம் இங்க வந்து நின்னாங்க. ஃபரிடா மெரிக்கன் பினாங்குல பொறந்தவங்க, அவங்கள மேடையில பாத்திருக்கீங்கன்னா கொரல ஏத்தாமயே கடைசி ரோ வரைக்கும் எப்படி கொண்டு போறதுன்னு தெரியும். ஒரே ஆளு பல ஆளா மாறறதுக்கு லண்டன் வரைக்கும் போகணுமான்னா அதுவும் இல்ல, நம்ம ஜோ குகதாஸ் இருக்காங்களே, இன்ஸ்டன்ட் கஃபே தியேட்டர்ங்கற நாடகக் குழுவுல யாங் பெர்ஹோர்மாட்டா, அதான் நம்ம ஊர் 'மாண்புமிகு' அரசியல்வாதியா, ஒரு நேரம், ரிபெனா பெர்ரிங்கற பாத்திரமா ஒரு நேரம் வந்து நம்ம நாட்டு அரசியல கிழிச்சு தொங்க விட்டவங்க. அது வேசம் போட்டு, கொரல மாத்தி, பேச்சு வழக்க மாத்தி பண்றது, அதுல அவங்கள அடிச்சுக்க ஆள் கெடையாது. ஸ்காட் பண்றது அதுக்கு நேர் எதிரு. ரெண்டும் பல்திறமைதான், ஆனா ஒன்னு ஜாஸ்தி பண்ணி வர்றது, ஒன்னு கொறச்சு வர்றது. இந்த வித்தியாசம் எனக்கு இத்தன வயசுக்கு இப்பதான் ஒறச்சது.

ஷோ முடிஞ்சு மாமாக் கடைக்கு போனோம், எனக்கு தே ஓ, அப்பாவுக்கு தே தாரேக் கொறங் மானிஸ், சக்கர இருக்கு அவருக்கு. ரொட்டி சானாய் வேணாம்னு சொல்லிட்டு என் தட்டுலருந்து பிச்சு பிச்சு சாப்ட்டாரு. எப்படிப்பா இருந்திச்சுன்னு கேட்டேன்.

"இது காலட்சேபம்மா"ன்னாரு. "பாகவதரு ஒருத்தரேதான் ராமரு, சீத, ராவணன், அனுமாரு எல்லாம். நாங்க சின்ன வயசுல தோட்டத்து கோயில்ல விடிய விடிய கேட்டிருக்கோம். இவனுங்க இப்பதான் கண்டுபுடிச்ச மாதிரி அவார்டு குடுக்கறானுங்க."

இல்லப்பா, பாகவதரு அப்ப சீத சொன்னா, அதுக்கு ராமர் சொன்னாருன்னு எடுத்து குடுப்பாருல்ல, இவரு சொன்னா சொன்னாருன்னு ஒரு எடத்துலயும் சொல்லலையேன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "ஆமா. அதான் அந்த பந்து." அப்பறம் அவரா பெரியப்பா கதைய எடுத்தாரு. பெரியப்பா தோட்டத்து நாடகத்துல சந்திரமதி வேசம் கட்டுவாராம், அரிச்சந்திரா போடறப்ப. மயானத்துல பையன மடியில போட்டு அழற சீன்ல லயத்து பொம்பளைங்க எல்லாம் சேந்து ஒப்பாரி வெப்பாங்களாம். ஒரு வருசம் சேல கொண்டு வர்ற பொட்டி வரல, லோரி எங்கயோ பிரேக்டவுன். ஜனமெல்லாம் உக்காந்தாச்சு, வேற வழியில்ல, பெரியப்பா பால் வெட்ட போற காக்கி சட்டையோடயே வந்து சந்திரமதியா உக்காந்தாராம், தலையில ஒரு துண்ட மட்டும் போட்டுக்கிட்டு. மொதல்ல பசங்க சிரிச்சானுங்களாம். "அப்பறம்?"னேன். "அப்பறம் என்ன. அந்த வருசம்தான் ரொம்ப அழுதாங்க"ன்னாரு.

இந்த கதைய நான் இதுவரைக்கும் கேட்டதே இல்ல. பெரியப்பா போயி வருசக்கணக்கு ஆச்சு, அவர நான் பாத்ததெல்லாம் செக்யூரிட்டி கார்டு உடுப்புலதான்.

அந்த நேரம் பாத்து மாமாக் கடை தம்பி வந்து மேசைய தொடச்சிட்டு துண்ட தோள்ல போட்டுக்கிட்டு திரும்பினாரு. அப்பா என்ன பாத்தாரு, நான் அவர பாத்தேன், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல "சோனியா"ன்னுட்டு சிரிச்சோம். தம்பி என்னமோ ஓடர் பண்றோம்னு நெனச்சு திரும்பி வந்துட்டாரு.

போறவங்களுக்கு ரெண்டு மூனு விசயம். கதைச்சுருக்கத்த முன்னாடியே படிச்சிட்டு போங்க, எட்டு பேர்ல ஆறு பேரு பேரையாவது மனப்பாடம் பண்ணிக்கோங்க, இல்லன்னா மொத அர மணி நேரம் வீணா போயிரும். ஸ்வெட்டரு கட்டாயம். நடு ரோல உக்காருங்க, ரொம்ப முன்னாடி போனா க்ளோசப்புல மூக்கு மட்டும்தான் தெரியும். பன்னெண்டு வயசுக்கு கீழ உள்ள புள்ளைங்கள கூட்டிட்டு போகாதீங்க, அதுங்களுக்கு போர் அடிக்கும், நமக்கும் அந்த கதவு சீன்ல சங்கடம். நடிகருக்கு அஞ்சுக்கு அஞ்சு, நாடகத்துக்கு நாலு, தியேட்டருக்கு ஒன்னர, அதுவும் அந்த வாக்கிடாக்கி தம்பிக்காக.

கடைசி சீன பத்தி ஒன்னும் சொல்லல பாத்தீங்களா, வேணும்னுதான். துண்டோட முடியுதுன்னு மட்டும் சொல்றேன்.

வீட்டுக்கு வர்றப்ப மணி பன்னெண்டு தாண்டிருச்சு, அம்மா தூங்காம உக்காந்திருந்தாங்க. என்ன கத, எத்தன பேரு நடிச்சாங்கன்னு கேட்டாங்க. அப்பா சட்டைய கூட கழட்டல, சோபா முன்னாடி நின்னு ஆரம்பிச்சிட்டாரு, டாக்டருக்கு தடிச்ச கொரலு, சோனியாவுக்கு கீச்சு கொரலு, பெரிய மனுசனுக்கு இருமலு. நான் குளிக்க போயிட்டேன்.